ஆர்.பி. என்று சொல்லிவிட்டார்கள்: மரபணுப் பரிசோதனை எடுப்பதா, எடுத்தால் எதை?

போன மாதம் 24 வயதுப் பையன் ஒருவன் வந்தான். ஸ்பின்னிங் மில்லில் இரவு ஷிஃப்ட் வேலை. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் ஒரு எழுத்துகூடத் தப்பாமல் படித்தான். இரண்டு கண்ணும் 6/6. "சரி தம்பி, எழுந்து இந்த மெஷின் பக்கம் வாங்க" என்றேன். எழுந்தவன், காலுக்குப் பக்கத்திலேயே இருந்த வெள்ளை ஸ்டூலைத் தட்டி உருட்டிவிட்டான். அவன் அம்மா எழுந்து வந்து ஸ்டூலை நிமிர்த்தி வைத்துக்கொண்டே சொன்னார்: "வீட்லயும் இப்படித்தாங்க. கரண்ட் போனா சுவரைத் தடவிக்கிட்டுத்தான் நடப்பான். சின்ன வயசுல மாலைக்கண்ணுன்னு கீரையும் முட்டையுமா குடுத்தோம்."

சொட்டு மருந்து விட்டு, பாவை விரிந்த பிறகு டாக்டர் உள்ளே பார்த்தார். விழித்திரையின் ஓரம் முழுக்கக் கறுப்பு மையைத் தெளித்து நூல் நூலாக இழுத்துவிட்டது போல நிறமிகள். ரத்தக் குழாய்கள் மெலிந்திருந்தன. பார்வை நரம்பின் தலை மெழுகு மாதிரி வெளிறியிருந்தது. சீட்டில் 'ஆர்.பி.' என்று எழுதினார். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும் பரம்பரை நோய். அதற்குக் கீழே ஓ.சி.டி. (விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஸ்கேன்), ஃபீல்ட் (பார்வைப் புலம் எவ்வளவு அகலம் என்று பார்ப்பது), ஈ.ஆர்.ஜி. (ஒளி பட்டதும் விழித்திரையில் எழும் மின்சைகையை அளப்பது), கடைசி வரியில் மரபணுப் பரிசோதனை.

வெளியே வந்ததும் தாய்மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். "இந்த ஜீன் டெஸ்ட் எடுத்தா கண்ணு சரியாயிருங்களா மேடம்?"

"சரியாகாதுங்க."

"அப்புறம் எதுக்கு அவ்வளவு காசு?"

நியாயமான கேள்வி. ரெட்டினா பிரிவில் ஆப்டோமெட்ரிஸ்டாக 14 வருடமாக வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்விக்கு நடைபாதையில் நின்றுகொண்டு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லி அனுப்பிய நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அந்தக் குடும்பத்தின் முன்னால் இருந்த வழிகள் இவை. ஒன்றும் எடுக்காமல் வருடத்துக்கு ஒரு முறை கண்ணை மட்டும் காட்டிக்கொண்டிருப்பது. சந்தேகப்படும் ஒரே ஒரு மரபணுவை மட்டும் பார்ப்பது. விழித்திரை மரபணுக்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் பேனல் அல்லது எக்ஸோம். மொத்த டி.என்.ஏ.வையும் படிக்கும் ஜீனோம். டாக்டர் எழுதாத வழி ஒன்றும் உண்டு, ஆனால் எல்லாக் குடும்பமும் மனசுக்குள் யோசிப்பது: அந்தக் காசை வைட்டமினுக்கோ ஸ்டெம் செல்லுக்கோ கொடுத்துவிடலாமா என்பது.

இது அபூர்வ நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. உலக அளவில் ஏறக்குறைய 4000 பேரில் ஒருவருக்கு ஆர்.பி. இருக்கிறது. தென்னிந்தியாவில் 40 வயதைத் தாண்டியவர்களிடம் எடுத்த கணக்கு ஒன்றில் கிராமப்புறத்தில் 372 பேரில் ஒருவருக்கும் நகரத்தில் 930 பேரில் ஒருவருக்கும் இருந்தது.

முதலில் கண்ணுக்குள் இருப்பதைச் சரியாகப் படிக்கணும்

மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அவசரத்தில் பலர் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான்.

விழித்திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகளோடு மூன்று குழந்தைகள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கும் ராத்திரியில் கண் தெரியவில்லை. படத்தை வரிசையாக வைத்தால் பழகிய கண்ணுக்கே குழப்பம் வரும். ஒரு குழந்தைக்கு வெறும் வைட்டமின் ஏ குறைவு. கொடுத்தால் பார்வை திரும்பும், புள்ளியும் மறையும். இரண்டாவது குழந்தைக்கு ஃபண்டஸ் அல்பிபங்க்டேட்டஸ், ஆர்.டி.எச்.5 மரபணுவில் கோளாறு. இருட்டுக்குக் கண் பழக நேரமாகும், ஆனால் பெரும்பாலும் அந்த அளவிலேயே நின்றுவிடும். மூன்றாவது குழந்தைக்கு ரெட்டினைட்டிஸ் பங்க்டேட்டா அல்பெசன்ஸ், பெரும்பாலும் ஆர்.எல்.பி.பி.1 மரபணு. அது வருடா வருடம் பார்வையைத் தின்றுகொண்டே போகும். புள்ளி ஒன்றுதான், வாழ்க்கை மூன்று. முதல் குழந்தைக்கு மரபணுப் பரிசோதனையே வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது குழந்தைகளின் பெற்றோருக்கு அதைவிட முக்கியமான காகிதம் வேறில்லை.

இன்னொரு குழந்தை என் நினைவிலேயே இருக்கிறாள். 9 வயது. வேறு ஊரில் ஆர்.பி. என்று சொல்லி, 'படிப்பை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பியிருந்தார்கள். விழித்திரையைப் படம் எடுத்தேன். தங்க முலாம் பூசினது போல மினுமினுப்பு. டாக்டர் ஒரு நிமிடம் பேசாமல் பார்த்தார். பிறகு, அவளை 3 மணி நேரம் முழு இருட்டில் உட்கார வைக்கச் சொன்னார். ஈ.ஆர்.ஜி. அறையில் கதவிடுக்குக்குக்கூடத் துணி வைத்து அடைத்து, துணைக்குப் பாட்டியையும் உட்கார வைத்தோம். போன் கூடாது, டார்ச் கூடாது. பாட்டி ஊரில் இருக்கும் ஆடு, மாடு, கோழி ஒவ்வொன்றின் கதையையும் சொல்லி முடித்திருந்தார். மூன்று மணி நேரம் கழித்துச் சட்டென்று படம் எடுத்தால், தங்க நிறத்தைக் காணோம்! சாதாரண விழித்திரை. வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் இருந்த பிறகு மறுபடி பொன் நிறம் வந்தது. ஒகுச்சி நோய். ஜப்பானியக் கண் மருத்துவர் ஒகுச்சி 1907-ல் எழுதியது. இருட்டில் நிறம் மாறுவதை 1913-ல் மிஸுவோ கவனித்துச் சொன்னார். இரவுப் பார்வை மட்டும் மந்தம், பகல் பார்வை பெரும்பாலும் கடைசி வரை நன்றாகவே இருக்கும். அந்தப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

அதனால் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: "இது ஆர்.பி. மாதிரி தெரியுற வேற ஏதாவதா இருக்குமா?" நிறமிகள் ஒரே கண்ணில் மட்டும் இருந்தால் பரம்பரை நோயைவிடப் பழைய அடியையோ தொற்றையோதான் முதலில் சந்தேகிப்பார்கள். சிபிலிஸ் அப்படியே ஆர்.பி. போல வேஷம் போடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு. மூட்டுவலிக்கோ லூபஸுக்கோ வருடக்கணக்கில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுகிறவர்களின் மாக்குலாவில் (விழித்திரையின் நடுப்பகுதி) வளையம் வளையமாகத் தேய்மானம் வரலாம். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைச் சீட்டையும் எடுத்துவரச் சொல்வது அதற்குத்தான்.

விழித்திரையின் ஓரம் கடித்துத் தின்ற அப்பளம் போல வளைவு வளைவாகக் கரைந்திருந்தால் கைரேட் அட்ரஃபியாக இருக்கலாம். ரத்தத்தில் ஆர்னிதைன் அளவு பல மடங்கு ஏறியிருக்கும். உணவில் புரதத்தை, அதிலும் அர்ஜினைனைக் கட்டுப்படுத்தினால் நோயின் வேகத்தைக் குறைக்க முடியும்; சிலருக்கு வைட்டமின் பி6 கேட்கும். இதேபோல முகர்வு போய், நடை தள்ளாடினால் ரெஃப்சம் நோயை நினைக்க வேண்டும், அதற்கும் உணவுக் கட்டுப்பாடு உண்டு. குழந்தைக்கு ஓயாத வயிற்றுப்போக்கும் கொழுப்பு செரிக்காத தொல்லையும் சேர்ந்திருந்தால் ஏபீட்டாலிப்போபுரோட்டினீமியா; வைட்டமின் ஏ, ஈ அதிக அளவில் கொடுத்துக் காப்பாற்றலாம். கண் இமை தொங்கி, விழியசைவும் குறைந்திருந்தால் முதலில் எடுக்க வேண்டியது ஈ.சி.ஜி. கெர்ன்ஸ்-சேர் என்ற அந்த மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் பகுதி) நோயில் இதயத் துடிப்பின் மின்வழி அடைபடும். பேஸ்மேக்கர் உயிரைக் காக்கும்.

இவை எல்லாம் அரிதானவைதான். ஆனால் பரம்பரை விழித்திரை நோய்களுக்குள் இன்றைக்கே ஏதாவது செய்ய முடிகிற சில நோய்கள் இவை. மரபணு அறிக்கை வரும்வரை காத்திருக்காமல், சில நூறோ சில ஆயிரமோ ரூபாயில் கண்டுபிடிக்கக் கூடியவை. ஆகவே என் வரிசையில் இவைதான் முதல் இடம்.

கூடவே இரண்டு கேள்விகள். காது சரியாகக் கேட்கிறதா? பிறந்தபோது கையிலோ காலிலோ ஆறாவது விரல் இருந்ததா? காதும் கண்ணும் சேர்ந்து பாதிக்கப்பட்டால் அஷர் என்ற நோய். ஆறாவது விரல், உடற்பருமன், சிறுநீரகக் கோளாறு சேர்ந்தால் பார்டெட்-பீடில். குழந்தை பிறந்ததுமே அந்த விரலை எடுத்துவிட்டு, அதைப் பற்றிப் பேசாமலே வளர்த்திருப்பார்கள். தழும்பைக் காட்டச் சொல்லிக் கண்டுபிடித்திருக்கிறோம்.

எதுவும் எடுக்காமல் இருந்தால் என்ன?

இதையும் நான் மதிக்கிறேன். 58 வயதுப் பெரியவர், பிள்ளைகளுக்குத் திருமணம் முடிந்து பேரப்பிள்ளைகளும் ஆரோக்கியமாக இருக்கிறார்கள், தன் நோயின் பெயர் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்கிறார். அவரிடம் நான் வற்புறுத்துவதில்லை.

ஆனால் 'பரிசோதனை வேண்டாம்' என்பதை 'ஆஸ்பத்திரியே வேண்டாம்' என்று எடுத்துக்கொள்கிறார்களே, அதுதான் என்னை வாட்டுகிறது. ஆர்.பி.க்கு மருந்தில்லை என்று ஒரு தடவை கேட்டுவிட்டுப் பத்து வருடம் வராமல் இருந்து, கடைசியில் வரும்போது மாக்குலாவில் நீர் கோத்துப் பழசாகியிருக்கும். அந்த நீருக்கு டார்சோலமைடு சொட்டு மருந்தோ அசிட்டசோலமைடு மாத்திரையோ உண்டு. ஆர்.பி. உள்ளவர்களுக்கு இளம் வயதிலேயே கண்புரை வரும். மாக்குலா நன்றாக இருந்தால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மிச்சமிருக்கும் பார்வை தெளியும். வருட சோதனைக்குப் போவது எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் கூடவே ஓட வேண்டிய ஒன்று.

அப்புறம் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எழுத்து எவ்வளவு நன்றாகப் படித்தாலும், பார்வைப் புலம் 40 டிகிரிக்குக் கீழே சுருங்கியிருந்தால் குறைபார்வை. 10 டிகிரிக்குக் கீழே போனால் பார்வையின்மை. 'இவனுக்குத்தான் 6/6 தெரியுதே' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபீல்ட் டெஸ்ட் அறிக்கையோடு போங்கள். இதற்கு எந்த மரபணுவின் பெயரும் தேவையில்லை.

காத்திருப்பதற்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. மரபணு எதுவாக இருந்தாலும் பயன்படக் கூடிய, மிச்சமிருக்கும் விழித்திரை செல்களை ஒளியை உணர வைக்கும் ஆப்டோஜெனெடிக்ஸ் என்ற முறையில், ஆர்.பி.யால் பார்வை இழந்திருந்த ஒருவர் தனிக் கண்ணாடி அணிந்து, மேசை மேல் இருந்த பொருள்களைக் கண்டுகொண்டார் என்று 2021-ல் அறிவியல் இதழில் வந்தது. இன்னும் ஆய்வில் இருக்கும் விஷயம்தான், ஆனால் நம்பிக்கை வைக்கக் கூடிய திசை.

எந்தப் பரிசோதனை?

இனி, எடுப்பது என்று முடிவுசெய்தவர்களுக்கு.

ஒரே மரபணுவைப் பார்ப்பது பழைய முறை என்று தள்ளிவிடாதீர்கள். குடும்பத்தில் ஒருவருக்கு ஏற்கெனவே மாற்றம் கண்டுபிடித்திருந்தால், மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவு மிகக் குறைவு. இளைஞன் ஒருவனுக்கு ஒரு கண்ணில் வலியில்லாமல் நடுப்பார்வை மங்கி, சில வாரம் கழித்து மறு கண்ணுக்கும் வந்தால் லெபர் பார்வை நரம்பு நோய் என்று சந்தேகித்து மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் மூன்று இடங்களைப் பார்ப்பார்கள். அந்த நோயுள்ளவர்களில் பெரும்பான்மையோருக்கு அந்த மூன்றில் ஒன்று இருக்கும். குழந்தையின் கண்ணில் பூனைக்கண் போல வெள்ளை ஒளி தெரிந்து ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுநோய் என்று உறுதியானால், RB1 மரபணுவை (நாம் பேசும் ஆர்.பி. நோய் வேறு) உடனே பார்க்க வேண்டும். அந்த முடிவைப் பொறுத்துத்தான் கூடப்பிறந்த குழந்தையை மயக்க மருந்து கொடுத்துத் திரும்பத் திரும்பச் சோதிப்பதா, விட்டுவிடுவதா என்று தீர்மானிக்க முடியும். அங்கே தாமதமே கூடாது.

ஆர்.பி.யின் கதை வேறு. பரம்பரை விழித்திரை நோய்களுக்குக் காரணமான மரபணுக்கள் 250-ஐத் தாண்டிவிட்டன. கண்ணைப் பார்த்து இதுதான் என்று விரல் நீட்ட முடிவது கொஞ்சம் பேருக்குத்தான். ஆகவே பெரும்பாலானவர்களுக்குக் கேள்வி, பேனலா எக்ஸோமா என்பதுதான். பேனல் அந்த இருநூற்றுச் சொச்சம் மரபணுக்களை மட்டும் ஆழமாகப் படிக்கும். எக்ஸோம் சுமார் 20,000 மரபணுக்களிலும் புரதத்துக்கான பகுதியைப் படிக்கும், மொத்த டி.என்.ஏ.வில் அது 2 சதவீதம்கூட வராது. விலையில் இன்றைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டுமே ஒரு நல்ல ஸ்மார்ட்போன் விலைக்குள் அடங்கும். பல ஆய்வகங்கள் எக்ஸோமையே ஓட்டிவிட்டு, அதில் விழித்திரை மரபணுக்களை மட்டும் அறிக்கையில் கொடுக்கின்றன.

என் தேர்வு: பிற உறுப்புகளிலும் ஏதாவது இருந்தால் எக்ஸோம். கண் மட்டும்தான் என்றால் எதையும் எடுக்கலாம், ஆனால் காசு கட்டுவதற்கு முன் ஆய்வகத்திடம் கேட்டுக்கொண்டு எடுங்கள். ஆர்.பி.ஜி.ஆர். மரபணுவில் ஓ.ஆர்.எஃப். 15 என்ற பகுதியைப் படிப்பீர்களா என்பது முதல் கேள்வி. எக்ஸ் குரோமோசோம் மூலம் அம்மாவிடமிருந்து மகனுக்கு வந்து, பெரும்பாலும் ஆண்களையே கடுமையாகத் தாக்கும் எக்ஸ் வழி ஆர்.பி.க்கு அநேகமாக ஆர்.பி.ஜி.ஆர்.தான் காரணம், அதிலும் பாதிக்கு மேல் இந்தப் பகுதியில்தான் பிழை இருக்கும். ஒரே டி.என்.ஏ. எழுத்துகள் திரும்பத் திரும்ப வருவதால் சாதாரண எக்ஸோம் அந்த இடத்தில் தடுக்கி விழும். 'ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை' என்று அறிக்கை வரும். பிழை அங்கேயே உட்கார்ந்திருக்கும். இரண்டாவது, மூலத் தரவுக் கோப்பைக் கொடுப்பீர்களா? இன்று பொருள் புரியாத ஒரு மாற்றம் இரண்டு மூன்று வருடம் கழித்துப் புரியலாம். கோப்பு கையில் இருந்தால் மறுபடி அலசச் சொல்லலாம், மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டியதில்லை.

எத்தனை பேருக்கு விடை கிடைக்கும்? பத்தில் ஆறு ஏழு பேருக்கு. மிச்சப் பேருக்கு ஒன்றும் வராமல் போகலாம், அல்லது 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்று வரலாம். இந்த இரண்டாவதில்தான் குடும்பங்கள் தத்தளிக்கின்றன. அது நோயென்றும் சொல்லவில்லை, நோயில்லை என்றும் சொல்லவில்லை. அதை வைத்துத் திருமணத்தையோ கருவையோ பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அப்பா அம்மா ரத்தத்தில் அதே இடத்தைப் பார்த்தால் பல நேரம் குழப்பம் தீரும்: இரண்டு மாற்றங்கள் வந்தால், ஒன்று அப்பாவிடமிருந்தும் மற்றது அம்மாவிடமிருந்தும் வந்ததா, இரண்டும் ஒரே பக்கமா என்று தெரிந்துவிடும். அதனால் பையனோ பெண்ணோ ரத்தம் கொடுக்க வரும் நாளிலேயே பெற்றோரும் வந்துவிடுங்கள்.

ஜீனோம் எல்லாவற்றையும் படிக்கும்: பெரிய துண்டுகள் விட்டுப்போனது, மரபணுவின் இடைப்பகுதியில் ஒளிந்திருப்பது, எல்லாம். மாக்குலாவைத் தேய்க்கும் ஸ்டார்கார்ட் என்ற பரம்பரை நோயில் ஏ.பி.சி.ஏ.4 மரபணுவின் ஒரு பிழை கிடைத்து, இன்னொன்று கிடைக்காமல் நிற்கும்போது அது பல சமயம் இப்படி இடைப்பகுதியில் இருக்கும். ஆனால் முதல் பரிசோதனையாகவே இதை எடுக்கச் சொல்ல மாட்டேன். எக்ஸோமில் விடை வராத குடும்பங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த், ஹைதராபாத் எல்.வி. பிரசாத் ஆகிய இடங்களில் கண்ணுக்கான மரபியல் பிரிவுகள் இருக்கின்றன. விழித்திரைப் படத்தைப் பார்த்தவரும் மரபணு அறிக்கையைப் படிப்பவரும் ஒரே கூரையின் கீழ் பேசிக்கொள்வது பெரிய பலம். தனியார் ஆய்வகத்தில் எடுத்தாலும் அறிக்கையைக் கண் மரபியல் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பி.டி.எஃப்.-ஐத் தாங்களே படித்துவிட்டு, பாதிக்கப்படாத பெண்ணின் நிச்சயதார்த்தத்தை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

காசு வேறு பக்கம் போகும்போது

வைட்டமின் ஏ மாத்திரை பற்றிக் கேட்காத குடும்பம் இல்லை. தினம் 15,000 யூனிட் கொடுத்தால் நோய் மெதுவாகப் போகும் என்று 1993-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அதே நோயாளிகளின் தரவுகளை மரபணுத் தகவலோடு சேர்த்து மறுபடி அலசி 2023-ல் வெளியிட்டபோது அந்தப் பலன் தெரியவில்லை. அதே 1993 ஆய்வில் வைட்டமின் ஈ அதிக அளவில் எடுத்தவர்களுக்குப் பார்வை இன்னும் வேகமாகக் குறைந்ததாகத் தெரிந்தது. ஸ்டார்கார்ட் நோய் உள்ளவர்கள் அதிக அளவு வைட்டமின் ஏ எடுக்கவே கூடாது. அவர்களுடைய விழித்திரையில் சேரும் கழிவே அதிலிருந்துதான் உண்டாகிறது. 'கண்ணுக்கு நல்லதுதானே' என்று மருந்துக் கடையில் வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்டெம் செல் ஊசி பற்றி இன்னும் கடுமையாகவே சொல்வேன். பரம்பரை விழித்திரை நோய்க்கு இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை இல்லை. ஆய்வாக மட்டுமே செய்யலாம், ஆய்வில் சேருகிறவரிடம் காசு வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்டாலே சந்தேகப்படுங்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் இப்படிக் காசு கொடுத்து ஊசி போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையை இழந்தது 2017-ல் மருத்துவ இதழில் பதிவானது. நகையை அடகு வைத்துப் போய் வந்தவர்களின் கண்ணை நான் டெஸ்ட் செய்திருக்கிறேன். ஃபீல்ட் படம் முன்னைவிடச் சுருங்கித்தான் இருந்தது.

உண்மையான மரபணுச் சிகிச்சை ஒன்று இருக்கிறது. ஆர்.பி.இ.65 மரபணுவில் அப்பா வழி, அம்மா வழி இரண்டு பக்கமும் பிழை உள்ளவர்களுக்கான லக்ஸ்டர்னா. அமெரிக்காவில் 2017 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. அறிமுகமானபோது இரண்டு கண்ணுக்கும் விலை 8,50,000 டாலர். அந்த மரபணுக்காரர்கள் மிகச் சிலர். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தச் சிலரில் நாம் ஒருவரா என்பது பெயர் தெரிந்தால்தான் தெரியும். இனி வரப்போகும் ஆய்வுகளில் பெரும்பாலானவையும் மரபணுவின் பெயரைக் கேட்டுத்தான் வாசலில் விடும்.

அந்தக் குடும்பத்தில் என்ன நடந்தது

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பையனின் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். 'சொந்தத்துல கட்டினதாலதான் வந்துச்சு' என்று வீட்டில் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணங்கள் சொந்தத்துக்குள் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. சொந்தத்தில் கட்டினால் ஒரே பிழை இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர வாய்ப்பு கூடுகிறது என்பதும் உண்மைதான்.

ஈ.ஆர்.ஜி.க்கு 20 நிமிடம் இருட்டில் உட்கார வைத்து, கண்ணில் மெல்லிய எலக்ட்ரோடு வைத்து, ஒளி மின்னலைக் காட்டினேன். திரையில் கோடு எழும்பவே இல்லை, படுத்தே கிடந்தது. அதை வாங்கிப் பார்த்த டாக்டர், "அம்மா கண்ணுக்கும் சொட்டு விடுங்க" என்றார். அம்மாவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் அவருடைய மாக்குலாவுக்குப் பக்கத்தில் பொன் தூள் தூவியது போல ஒரு மினுக்கம். ஆட்டோஃப்ளோரசன்ஸ் படத்தில் (விழித்திரை தானே மிளிர்வதைப் பிடிக்கும் படம்) அது நடுவிலிருந்து கதிர் கதிராகப் போனது. எக்ஸ் வழி ஆர்.பி.யைச் சுமக்கும் பெண்களுக்கு வரும் அடையாளம் அது. சொந்தத்தில் கட்டியதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை.

இது அந்த வீட்டில் எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை மாமா முகத்தில் பார்த்தேன். அவருடைய மகளைத்தான் இந்தப் பையனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். ஆர்.பி. என்றதும் அந்தப் பேச்சு நின்றுபோயிருந்தது. இரண்டு பக்கமும் பிழை சேர்ந்தால்தான் வரும் வகையாக இருந்திருந்தால், முறைப்பெண்ணைக் கட்டிப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் எட்டில் ஒரு பங்காவது ஆபத்து உண்டு. எக்ஸ் வழி என்றால் கணக்கே மாறிவிடுகிறது. மாமாவுக்கு 52 வயது, ராத்திரியில் லாரி ஓட்டுகிறவர், அவர் விழித்திரையையும் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. அவரிடம் அந்தப் பிழை இல்லை என்றால் மகளுக்கு அவர் வழியாக வர வழியே இல்லை. அவர் மனைவி வேறு குடும்பம். பையனுக்குப் பிறக்கும் மகன்களுக்கு வராது. மகள்கள் எல்லோரும் அம்மாவைப் போலச் சுமப்பவர்களாக இருப்பார்கள், சிலருக்கு லேசான தொந்தரவு வரலாம். அதே வீட்டில் அக்கா மகளைக் கட்டுவதாக இருந்தால் கணக்கு தலைகீழ். அக்காவும் சுமப்பவராக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

"அப்போ எம்மேலதான் தப்பா?" என்று அம்மா கேட்டார். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது. அவரைத் தனியாக உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தேன். ஒவ்வொரு மனிதரிடமும் இப்படிப் பிழைகள் இருக்கின்றன, யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை, உங்களுக்கும் யாரிடமிருந்தோ வந்ததுதான் என்று சொன்னேன். ஒரே வாட்டியில் மனசில் இறங்காது. மரபணு ஆலோசகரிடம் குடும்பத்தார் தனித்தனியாகப் பேச நேரம் வாங்கிக் கொடுத்தோம். பரிசோதனை எடுக்கும் ஒவ்வொரு குடும்பமும் இந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அறிக்கை வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே.

அக்காவைப் பற்றியும் பேச்சு வந்தது. அவருக்கு 27 வயது, திருமணமாகி 4 வயது மகன் இருக்கிறான். 'பேரனுக்கும் இப்பவே ரத்தம் எடுத்துடலாமா?' என்றார் அப்பா. முதலில் அக்கா தன் கண்ணைக் காட்டட்டும், எடுப்பதா என்று அவரே முடிவு செய்யட்டும், குழந்தைக்கு இருட்டில் தடுமாற்றம் ஏதாவது இருக்கிறதா என்று கண்ணைப் பார்த்துவிட்டு யோசிப்போம் என்றார் டாக்டர். தொந்தரவு இல்லாத பெண் குழந்தையாக இருந்தால், சுமப்பவளா என்று சின்ன வயதில் பார்க்கவே வேண்டாம், பெரியவளாகித் தானே முடிவுசெய்யட்டும் என்பதுதான் பொதுவான நடைமுறை. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

கடைசியில் அவர்கள் பேனல் எடுத்தார்கள், ஓ.ஆர்.எஃப். 15 பகுதியைத் தனியாகப் படிக்கும் ஆய்வகத்தில். படிவத்தில் அந்த வார்த்தையை நானே பெரிய எழுத்தில் எழுதி, கீழே கோடு போட்டு அனுப்பினேன். பையனின் பார்வைப் புலம் 20 டிகிரிக்குள் சுருங்கியிருந்தது. பகல் ஷிஃப்டுக்கு மாற்றக் கேட்டு மில்லுக்கு ஒரு கடிதமும், சான்றிதழுக்கான அறிக்கையும் கொடுத்திருக்கிறோம். மரபணு அறிக்கை வர இன்னும் நான்கு வாரம் ஆகும். அக்கா வரும் வியாழக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு வருகிறார். காலையில் சீக்கிரம் வரச் சொல்லியிருக்கிறேன். சொட்டு மருந்து விட்டால் பையன் அன்று பூராவும் வெயிலில் கண் கூசுகிறது என்று அழுவான், ஒரு தொப்பி எடுத்து வாங்கம்மா என்றும் சொல்லி வைத்தேன்.